கங்கைகொண்டான் மணல்

மணலைக் காணோம்.

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லித்தான் ஜெயகுமாரி எழுந்து வந்தாள். முன்னறையில் அவள் புருஷன் எட்வர்ட் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக பெஞ்சின் மேல் கிடத்தப்பட்டிருந்தார். விடியக்காலம் வரை இருந்த மனுஷன் இப்போது இல்லை என்று ஊரே வந்து அவளைக் கட்டிப்பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் பின்கட்டுக்கு வந்ததும் கண் நேரே தாழ்வாரத்து மூலைக்குத்தான் போனது. நேற்று மத்தியானம் அவர் தன் கையால் சாக்கை விரித்து, பரப்பி, காயவைத்த மணல் அங்கே இல்லை. சாக்கும் இல்லை. சிமெண்டுத் தரையில் ஈரத் தடம் மட்டும் இருந்தது.

இடம் மாறி வந்துவிட்டோமோ என்று கொஞ்சநேரம் நின்றாள். அவள் வீடுதான். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அலுமினிய அண்டாவில் ஏஞ்சல் மீன்கள் நாலும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குழாயில் தண்ணீர் வந்ததும் கண்ணாடித் தொட்டியில் விட்டுவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். இனி யார் விடுவது? மணல் எங்கே போனது? புருஷன் செத்த அன்றைக்கு ஒருத்திக்கு வருகிற யோசனையா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வேறு யோசனை எதுவும் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

எட்வர்டுக்குக் கோவில்பட்டி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் உத்தியோகம். பிள்ளைகள் இல்லாத வீடு. அரைக்கிழவராகிற வயதில் ஒரு மனுஷனுக்கு மீன் வளர்க்கிற கிறுக்குப் பிடிக்கும் என்று யார் கண்டது? மதுரைக்குப் போனவர் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார். "மீனைக் கொழம்பு வைக்கத்தான் எனக்குத் தெரியும்" என்றாள் ஜெயகுமாரி. அவர் சிரித்துக்கொண்டே அதை முன்னறை மேசை மேல் ஏற்றினார்.

தொட்டிக்கு அடியில் மணல் போடவேண்டுமாம். வெறும் கண்ணாடியாக விட்டால் மீனுக்குக் கீழேயும் வெளிச்சம் தெரிந்து, எது மேல் எது கீழ் என்று புரியாமல் மிரண்டே செத்துப்போகுமாம். கரிசல் பூமியில் மணலுக்கு எங்கே போவது? கிழக்கே ஓடையில் கிடந்ததை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதலில் வாங்கிய மீன்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மதுரைக் கடைக்காரன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டானாம். கரிசக்காட்டு ஓடையில் சுண்ணாம்புச் சத்துள்ள சுக்கான் கல் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும், தண்ணீரைக் கெடுத்துவிடும், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், நுரை வந்தால் அந்த மணல் ஆகாது என்று சொல்லி அனுப்பினான்.

அன்றிலிருந்து ஊறுகாய்க்கு வாங்கிய எலுமிச்சம்பழமெல்லாம் மணலுக்குப் போனது. தூத்துக்குடியில் வாக்கப்பட்டிருந்த அவர் தங்கை எஸ்தர்ராணி, அண்ணன் மணலுக்கு அலைகிறான் என்று கேள்விப்பட்டு, கடற்கரையிலிருந்து ஒரு கோணி நிறைய வெள்ளை மணலை பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரோடு சண்டை போட்டுக் கொண்டுவந்து இறக்கினாள். அவள் ஊருக்குப் போனபிறகு எட்வர்ட் பழத்தைப் பிழிந்து பார்த்தார். சோடா மாதிரி பொங்கியது. அந்தக் கோணி துவைக்கிற கல்லுக்கு அடியில் போனது.

கடைசியில் மணியாச்சியில் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் சோலைச்சாமிதான் வழி சொன்னான். கங்கைகொண்டானில் சிற்றாற்று மணல் கிடக்கிறது, அதில் சுண்ணாம்பு கிடையாது என்றான். சாயங்காலப் பாசஞ்சரின் கார்டு வண்டியில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. எட்வர்ட் பழம் பிழிந்து, காதைக் கிட்டே கொண்டுபோய் வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பிறகு ஜெயகுமாரியின் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தூசி மாதிரி இருப்பது அடியில் இறுகி அழுகிவிடும், பருமனாக இருந்தால் இரை இடுக்கில் போய்விடும் என்று, சோளக்குருணை அளவில் இருப்பதை மட்டும் சலித்துச் சலித்துச் சேர்த்தார். சல்லடை ஓட்டையானதுதான் மிச்சம்.

அதுவரைக்கும் ஜெயகுமாரி பொறுத்துக்கொண்டாள். கழுவ ஆரம்பித்தபோதுதான் சண்டை வந்தது. அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருதடவை வந்தால் உண்டு. சித்திரை வெயிலில் அதுவும் சந்தேகம். அவர் மணலை வாளியில் போட்டு, தண்ணீர் விட்டு, கையால் கிளறி, கலங்கலைச் சாய்த்து ஊற்றினார். மறுபடி தண்ணீர், மறுபடி கலங்கல். குடம் குடமாகப் போனது.

"இன்னும் ஒரே ஒரு தண்ணி ஜெயா. ஒரு அலசு அலசிட்டா தெளிஞ்சிரும்" என்றார் நேற்று.

"குடிக்கதுக்கே ரெண்டு கொடந்தான் கெடக்கு. மண்ணைக் குளிப்பாட்டுததுக்கு ஒரு சொட்டு தரமாட்டேன். வேணும்னா குழாய் வரட்டும்."

"சரி, குழாய் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு தண்ணீர் பாக்கியோடு மணலைச் சாக்கில் பரப்பினார். ராத்திரி சடசடவென்று ஒரு கோடை மழை அடித்தது. "பாத்தியா, நீ குடுக்கலன்னா மேல இருந்து ஊத்துதாவ" என்று படுக்கையிலேயே சிரித்தார். ஆனால் ஓட்டிலிருந்து வடிகிற முதல் தண்ணீர் வெறும் புழுதி, அது மீனுக்கு ஆகாது என்றும் அவரேதான் சொன்னார். விடியக்காலம் நெஞ்சை அடைக்கிறது என்றார். ஜட்கா வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

"என்னக்கா இங்கன தனியா நிக்கிய?"

பக்கத்து வீட்டுப் பாலம்மாள் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகப் பின்வாசல் வழியாக வந்தாள். தண்ணீருக்குத் திண்டாடுகிற அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால், வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள். குளிப்பாட்டவும் வந்த ஜனம் குடிக்கவும் சாவு வீடு தண்ணீருக்கு எங்கே போகும்? முறைக்குக் காலையிலேயே ஒன்று ஊற்றிவிட்டாள் பாலம்மாள். இது இரண்டாம் நடை. ஜெயகுமாரி அப்போதுதான் கவனித்தாள். டிரம் ததும்பி நின்றது. சிமெண்டுத் தொட்டி, தவலை, பானை, யார் யாருடையதோ குடங்கள், எல்லாம் சுவரோரம் நிறைந்து வரிசையாக இருந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இவ்வளவு தண்ணீரை அவள் பார்த்ததில்லை.

"பாலம்மா, இங்கன காஞ்சிட்டு இருந்த மணலை யாரு எடுத்தா?"

"அதுவா? ஒங்க சபை ஆளுவதான் சாக்கோட சுருட்டி சைக்கிள்ல வச்சுக் கொண்டுபோனாவ. ராத்திரி மழையில கரிசல் வெடிப்பெல்லாம் தண்ணி எறங்கி, குழி வெட்ட வெட்டச் சேறா சரியுதாம். அண்ணாச்சியப் போயி சேத்துல வைக்க முடியுமாக்கா? நல்லவேளை, எந்த மகராசனோ மணலைக் கழுவி வேற வச்சிருக்கான்னு சொல்லிட்டுப் போனாவ."

ஜெயகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். தோள் குலுங்கியது. பாலம்மாள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து அவளைச் சேர்த்துப் பிடித்தாள். "அழுதிருங்கக்கா, அழுதிருங்க" என்று அவளும் அழுதாள். உள்ளே இருந்து நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். காலையிலிருந்து கல்லு மாதிரி இருந்தவள் இப்போதுதான் உடைந்தாள் என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி. அந்த மகராசன் முன்னறையில்தான் படுத்திருக்கிறான், அந்த மணல் மீனுக்கு, அதுவும் இன்னும் கழுவி முடியவில்லை என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

எஸ்தர்ராணி தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான் சவப்பெட்டியை எடுத்தார்கள். அவள் தெருமுனையிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி வந்து அண்ணன் மேல் விழுந்து அழுத அழுகையில் பெஞ்சே ஆடியது. ஜெயகுமாரி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்றே புரியவில்லை.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, பருத்திக்காட்டை ஒட்டி இருந்தது. வழியெல்லாம் செருப்பில் கரிசல் அப்பிக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு சாண் உயர்ந்துவிட்டார்கள். பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஜெயகுமாரியை முன்னே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அவள் உள்ளே பார்த்தாள். நாலு பக்கமும் கன்னங்கரேல் என்று ஈரக் கரிசல். அடியில் மட்டும் பொன்னிறமாக, ஒரே அளவு மணி மணியாக, எட்வர்ட் சலித்த மணல். குழி வெட்டிய வெயிலுமுத்து அதை மண்வெட்டியால் இழுத்துச் சமமாகப் பரப்பியிருந்தான். 'பின்னால கொஞ்சம் ஒசரமா, முன்னால சரிவா இருக்கணும்லா' என்று அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது. தொட்டியில் பின்பக்கம் உயர்த்திப் போட்டால்தான் அழுக்கெல்லாம் முன்னால் வந்து சேரும், எடுக்க வசதி என்று அவர் கையை வைத்துக் காட்டுவார். இங்கே முன்பக்கம் எது, பின்பக்கம் எது? தலைமாடு பின்பக்கமா?

பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சோலைச்சாமி. டியூட்டி உடுப்போடு மணியாச்சியிலிருந்து அப்படியே வந்திருந்தான். அவனும் குழிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது நான் கார்டு வண்டியில அனுப்புன..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அவளைப் பார்த்தான்.

"ஆமா. அதேதான்" என்றாள்.

"மீனுக்குன்னுலா கேட்டாவ?"

"மீனுக்குத்தான்."

போதகர் ஜெபம் சொன்னார். கயிற்றில் பெட்டி இறங்கியது. அது மணலில் உட்கார்ந்தபோது நறநறவென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு அலசு பாக்கி இருந்த மணல். ஒரு குடம் தண்ணீர்தான் கேட்டார். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த தண்ணீர் என்று கணக்குப் பேசினாளே ஒழிய, கொடுத்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? கொடுக்க நினைத்தாலும் இனிமேல் வாங்க ஆள் இல்லை.

எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள். அவளும் குனிந்து எடுத்தாள். ஈரக் கரிசல் கையை விட்டு விழமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. உதறி உதறிப் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது குழிமேட்டில் அவர்கள் வீட்டுச் சாக்கு கிடப்பதைக் கண்டாள். பாதிக்குமேல் மணல் அதில் மிச்சம் இருந்தது.

"அத நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றாள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வெயிலுமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

சபைப் பெரியவர் எபநேசர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, இங்கன கொண்டு வந்தத திரும்ப எடுத்துட்டுப் போறது வழக்கம் இல்ல. மிச்சம் மேல தூவிருவோம். அவருக்குன்னு வந்தது."

"இல்ல. இது அவியளுக்குன்னு வந்ததில்ல" என்றாள் ஜெயகுமாரி. சாக்கின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்துப் பார்த்தாள். நகரவில்லை.

எல்லாரும் போதகர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு, "கொண்டுபோகட்டும்" என்று மட்டும் சொன்னார். சோலைச்சாமி வந்து சாக்கைத் தோளில் தூக்கினான்.

வீட்டுக்கு வந்த ஜனம் காலைக் கழுவிவிட்டுக் கலைந்தது. சோலைச்சாமி பின்கட்டில் சாக்கை இறக்கிவிட்டு, அடுத்த வண்டி பிடிக்கவேண்டும் என்று கிளம்பினான். வெயில் தாழ்ந்து மஞ்சளாகியிருந்தது. ஜெயகுமாரி குளியலறையில் எட்டிப் பார்த்தாள். மீன்கள் நாலும் இருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து நீந்தியது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு வந்து சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மயினி, நீங்க செய்யுதது நல்லாயில்ல" என்றாள் எஸ்தர்ராணி. காலையிலிருந்து அழுததில் குரல் கம்மியிருந்தது. "கல்லறைக்குப் போன மண்ணை வீட்டுக்குள்ள ஏத்துதிய. நாலு பேரு என்ன சொல்லுவா? மீனுக்கு மணல்தான வேணும்? எம் மணலு கெடக்குல்லா, அதப் போடுங்க. அண்ணன் அதத்தான போட்டிருந்தாவ?"

ஜெயகுமாரி சாக்கின் வாயைப் பிரித்தாள்.

"எங்க மயினி எம் மணலு? முன்ரூம்ல தொட்டி காலியாலா கெடக்கு?"

"அந்தா, துவைக்க கல்லுக்கு அடியில."

எஸ்தர்ராணி குனிந்து பார்த்தாள். கட்டுக்கூடப் பிரிக்காத மாதிரி கோணி அப்படியே இருந்தது.

"அதுல சிப்பித்தூளு எஸ்தர். பழம் பிழிஞ்சா பொங்குது. மீனு செத்துப் போயிரும்" என்றாள் ஜெயகுமாரி. "ஒங்கிட்டச் சொன்னா சங்கடப்படுவன்னு அவிய சொல்லல. என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டாவ."

"கிறிஸ்மசுக்கு வந்தப்ப, ஒம் மணல்லதாம்ட்டி மீனெல்லாம் ஓடி வெளாடப் போவுதுன்னு சொன்னாவளே."

"சொல்லியிருப்பாவ."

எஸ்தர்ராணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். பகல் முழுக்கத் தெருவே கேட்க அழுதவள், இப்போது சத்தமில்லாமல் அழுதாள். ஜெயகுமாரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த நேரத்திலா இதைச் சொல்லவேண்டும்? மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மணலை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டது.

சாக்கில் கரிசல் கட்டி கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. பெரிய கட்டிகளைப் பொறுக்கி எறிந்தாள். மிச்சம் மணலோடு கலந்துவிட்டது. எடுத்துவந்த மணல் தொட்டிக்குக் காணுமோ என்னவோ. அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுவரோரம் இருந்த குடங்களைப் பார்த்தாள்.

எஸ்தர்ராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஊத்தட்டா?"

"ஊத்து."

வாளி நிறைந்தது. ஜெயகுமாரி முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக் கிளறினாள். தண்ணீர் மசி மாதிரி கறுத்தது. சாய்த்து ஊற்றினாள். எஸ்தர்ராணி அடுத்த குடத்தைக் கொண்டுவந்தாள். அது சாம்பல் நிறத்தில் போனது. அதற்கடுத்தது காப்பி வடிகட்டிய தண்ணீர் மாதிரி இருந்தது. முற்றமெல்லாம் ஓடி, சாக்கடை வழியாகத் தெருவுக்கும் போயிற்று. பாலம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அந்தத் தெருவில் இப்படித் தண்ணீரைக் கொட்டுகிறவளை யாரும் சும்மா விட்டதில்லை. அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, இருவரையும் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சேலையெல்லாம் நனையுது மயினி."

"நனையட்டும்."

இன்னொரு குடம். ஜெயகுமாரி கிளறிவிட்டுக் கையை நிறுத்தினாள். மணல் மெதுவாக அடியில் இறங்கியது. மேலே நின்ற தண்ணீரில் அவள் வளையலும் விரல்களும் நகமும் தெரிந்தன. எஸ்தர்ராணி வாளிக்குள் குனிந்து பார்த்தாள்.

"தெளிஞ்சிட்டு மயினி. போதும்."

தெளிந்துதான் இருந்தது. ஜெயகுமாரி அதையும் சாய்த்து ஊற்றினாள். வெறும் மணலோடு வாளியை மறுபடி நிமிர்த்தி முன்னால் வைத்தாள்.

"இன்னும் ஒரு தண்ணி ஊத்து" என்றாள்.

எஸ்தர்ராணி அடுத்த குடத்தை எடுக்கப் போனாள்.